சந்தேகத்துக்குரிய மதிப்பு

காலை நாலரைக்கு இபாதுல்லா கேஸைத் திறப்பார்.
ரப்பர் முதலில் சோம்பல் முறிக்கும்,
பிறகு ஆளுயரம் ஆகிக்
கொட்டகைக் கதவை முட்டும்.
அடியில் தொங்குகிற பெட்டி
காலி டிபன் பாக்ஸ் கனம்கூட இராது.

வேலூரில் அப்போது ஓர் இலை அசையாது.
கோட்டை அகழியில் பாசி விலகாது.
மே மாதமென்றால் சுவரில் கை வைத்தால்
நேற்றைய வெயில் இன்னும் உள்ளே இருக்கும்.
நேர் மேலே, இருபத்தைந்து கிலோமீட்டரில்,
நொடிக்கு இருபது மீட்டர்.

தென்றலும் வாடையும் அவ்வளவு தூரம் ஆட்சி செய்வதில்லை.
அங்கே கொண்டலும் கோடையும்தான் முறை வைத்துக்கொள்கின்றன.
ஒன்று ஓராண்டும் சொச்சமும் இருக்கும்.
மற்றது உச்சியில் முளைத்து
நாளைக்கு இரண்டு தென்னை உயரம்
இறங்கி வரும்.
ஒரு சுற்று முடிய இருபத்தெட்டு மாதம், ஏறக்குறைய.
நான் பதினான்கு சுற்று பார்த்திருக்கிறேன்.
பார்த்தேன் என்றால்
முதலில் கட்டம் போட்ட தாளில்,
பிறகு திரையில்.
ஜன்னலுக்கு வெளியே எப்போதும்
அதே வானம்தான்.

ஒடுகத்தூரிலிருந்து ஒருவர் போன் செய்வார்:
"சூடாமணி மேடமா? கடலைக் கொல்லையில
வெள்ளைப் பெட்டி விழுந்து கெடக்கு,
போலீசுக்குச் சொல்லட்டுமா?"
வேண்டாங்க, அது காற்று பார்க்கிற கருவி.
"காத்தை எதுக்குப் பாக்கணும்?"
சொல்ல ஆரம்பிப்பேன்.
அதற்குள் அவருக்கு மோட்டார் போட நேரமாகிவிடும்.

1997 நவம்பர் 9, மாலை.
மகனுக்கு டைபாய்டு, சி.எம்.சி.யில் மூன்றாம் நாள்.
மழை. முதல் பலூன் எட்டு கிலோமீட்டரில் வெடித்தது.
இரண்டாவது விட வேண்டும். அது விதி.
இபாதுல்லாவை வீட்டுக்குப் போகச் சொன்னேன்.
காலைத் தாளை எடுத்து
பதினெட்டைப் பத்தொன்பதாக்கினேன்,
இருபத்திரண்டை இருபத்தொன்றாக்கினேன்.
கையெழுத்து போட்டேன்.
பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

அந்த எண்களை யாரும் கேள்வி கேட்கவில்லை.
முன்னே இருந்த நாளோடும் பின்னே வந்த நாளோடும்
அவை நல்ல பிள்ளைகளாகப் பொருந்தின.

2016 பிப்ரவரியில், இருபத்துமூன்று கிலோமீட்டரில்,
கோடை இருக்கவேண்டிய இடத்தின் நடுவில்
கொண்டல் வந்து நின்றது.
மேலிருந்து இறங்கவில்லை. முறை கேட்கவில்லை.
மறுநாள் வேறு பெட்டி, வேறு பேட்டரி.
அதே கொண்டல்.
"கருவி சரியாத்தான் இருக்கு மேடம்,
காத்துதான் சரியில்ல" என்றார் இபாதுல்லா.
பூனாவிலிருந்து சிவப்பில் வந்தது:
சந்தேகத்துக்குரிய மதிப்பு. சராசரியில் சேர்க்கப்படவில்லை.

வேறு வேறு நாடுகளில்
வேறு வேறு பலூன்களும் அதையே சொன்ன பிறகு
சிவப்பை எடுத்தார்கள்.
அதற்குச் சில மாதம் ஆயிற்று.
அந்தச் சில மாதமும் நான் தூங்கிய இரவுகளில்
பொய் பச்சையாக இருந்தது,
மெய் சிவப்பாக இருந்தது.

ஓய்வு பெற இன்னும் ஒன்பது நாள்.
நிலையத்தின் வரலாற்றுப் படிவத்தில்
கருவி மாற்றங்கள், இடமாற்றங்கள், குறிப்புகள்
என்று மூன்று பத்தி.
மூன்றாவதில் எழுதி அனுப்பினேன்.

அனிந்திதா என்றொரு பெண் பதில் போட்டிருந்தாள்.
மகன் இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை,
ஏன் என்றும் கேட்கவில்லை.
முப்பத்துமூன்று வருஷச் சராசரியில்
மூன்றாம் தசமம்கூட நகரவில்லையாம்.
ஆனாலும் எண்களை எடுத்துவிட்டு
சிறுகோடு போட்டிருக்கிறாளாம்.

திரையில் தேடிப் போனேன்.
நவம்பர் 9, மாலை ஐந்தரை,
எட்டு கிலோமீட்டருக்கு மேல்:
– – – – –

அன்று அங்கே என்ன வீசியது என்று
இனி யாருக்கும் தெரியாது.
வெளியே கேஸ் சீறுகிற சத்தம்.
"மேடம், நூலைப் பிடிங்க" என்கிறார் இபாதுல்லா.